கப்பல் சலுகைகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன? சூட் அறையும் லாயல்டி படியும்: ஓர் எளிய விளக்கம்

சொகுசுக் கப்பல் நிறுவனம் ஒன்று தன் சலுகைப் பட்டியலைத் திருத்தியதும் பயணிகளிடம் இரண்டு விதமான கோபம் கிளம்பும். "இத்தனை வருஷமாக இவர்கள் கப்பலில்தான் போகிறேன், எனக்கே கதவைச் சாத்துகிறார்களே" என்பது ஒன்று. "இவ்வளவு பணம் கொட்டி சூட் அறை எடுத்திருக்கிறேன், லவுஞ்சில் உட்கார ஒரு நாற்காலி இல்லை" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான ஆதங்கம்தான். ஆனால் பேச்சு வளர வளர இரண்டும் ஒன்றோடொன்று குழம்பி, கடைசியில் "எல்லாச் சலுகையையும் வெட்டிவிட்டார்கள்" என்ற ஒற்றை வரியில் போய் நிற்கும்.

புதிதாகக் கப்பல் பயணம் போக நினைப்பவருக்கு அந்த ஒற்றை வரியால் எந்தப் பயனும் இல்லை. எது காசு கொடுத்து வாங்கியது, எது நிறுவனம் தானாக விரும்பிக் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த மாற்றங்கள் பெரும்பாலும் தாமே புரிந்துவிடும். அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப்போகிறோம்.

அறைக்கு வரும் சலுகை, ஆளுக்கு வரும் சலுகை

ஒரு நாடக அரங்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கூடுதல் விலை கொடுத்து மாடத்தில் தனி இருக்கை வாங்குகிறார். இன்றைக்குத்தான் முதல்முறை வருகிறார். இருந்தாலும் மெத்தை இருக்கை, தனி வாசல், இடைவேளையில் குளிர்பானம் எல்லாம் அவருக்கு உண்டு, ஏனென்றால் அவை டிக்கெட்டோடு சேர்ந்தவை. நாடகம் முடிந்ததும் அந்த உரிமையும் முடிந்துவிடும். இன்னொருவர் பல வருடங்களாகச் சாதாரண டிக்கெட்டில் வருபவர். வாசலில் இருப்பவருக்கு அவர் முகம் தெரியும். வரிசையில் நிற்க விடாமல் உள்ளே அனுப்பிவைப்பார். இது டிக்கெட்டில் எழுதப்படாத உபசாரம், அந்த ஆளோடு சேர்ந்தது. அடுத்த நாடகத்துக்கு வந்தாலும் கிடைக்கும். அரங்கின் மேலாளர் மனம் மாறினால் நின்றும் போகும்.

கப்பலில் முதலாவதற்குப் பெயர் சூட் சலுகை. சூட் என்பது படுக்கும் இடமும் உட்காரும் இடமும் தனித்தனியாக உள்ள பெரிய அறை. அதற்கான கட்டணத்துக்குள்ளேயே தனி உணவகம், தனி லவுஞ்ச் (பானத்தோடு உட்கார்ந்து பேசும் ஓய்வுக்கூடம்), முன்னுரிமையாகக் கப்பலேறுவது போன்றவை அடங்கியிருக்கும். இரண்டாவதற்குப் பெயர் லாயல்டி சலுகை. ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் திரும்பத் திரும்பப் போகிறவருக்குப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் கூடக் கூட அவர் படிப்படியாக மேலே போவார், ஒவ்வொரு படிக்கும் சில சலுகைகள் உண்டு.

கப்பலுக்குள் இருக்கும் இன்னொரு கப்பல்

பழைய காலத்து அட்லாண்டிக் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ஆட்களைப் பிரித்தே ஏற்றினார்கள். விடுமுறைப் பயணத்துக்கான கப்பல்கள் பெருகியபோது அந்தப் பிரிவினை பெருமளவு கரைந்தது. அறை சிறிதோ பெரிதோ, சாப்பாட்டுக் கூடமும் நீச்சல் குளமும் எல்லோருக்கும் பொது. குனார்ட் மாதிரி ஒருசில நிறுவனங்கள் மட்டும் பழைய வழக்கத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தன. அங்கே எந்த அறையில் தங்குகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் எந்த உணவகம் என்பது இன்றும் முடிவாகிறது. உயர்ந்த அறைக்காரர்களுக்குக் குவீன்ஸ் கிரில், அதற்கடுத்தவர்களுக்குப் பிரின்சஸ் கிரில்.

பெரிய நிறுவனங்கள் பிற்பாடு இதையே வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தன. எம்எஸ்சி நிறுவனம் 2008-இல் வந்த ஃபான்டாசியா கப்பலில் யாட் கிளப் என்ற தனிப் பகுதியை அமைத்தது. நார்வேஜியன் கப்பல்களில் அதற்கு இணையானது ஹேவன். செலிப்ரிட்டியில் ரிட்ரீட், அதற்கென்று லூமினே என்ற தனி உணவகம். ராயல் கரீபியன் 2016-இல் தன் சூட் அறைகளை சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. உச்சியில் இருக்கும் ஸ்டார் வகுப்புக்கு ராயல் ஜீனி என்ற தனிப் பணியாளரே உண்டு. உணவக மேசை பிடிப்பதிலிருந்து நிகழ்ச்சிக்கு இடம் ஒதுக்குவது வரை அவர் பார்த்துக்கொள்வார்.

இதைத் துறையில் 'கப்பலுக்குள் கப்பல்' என்பார்கள். ஆயிரக்கணக்கானோர் போகும் பெரிய கப்பலின் வசதிகளும் வேண்டும், கூட்டமும் இருக்கக்கூடாது என்பவர்களுக்கு விற்கப்படும் பொருள் அது. ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் நிரம்பினால் சுமார் 7,600 பயணிகள். அத்தனை பேர் நடுவே ஒரு கதவைத் திறந்து உள்ளே போனதும் சத்தம் அடங்கிவிடுகிறது என்பதற்காகத்தான் அந்தக் கட்டணம்.

இங்கே புதியவர்கள் அதிகம் ஏமாறுவது பெயரில். சூட் என்ற சொல் அறையின் பெயரில் இருப்பதாலேயே அந்தக் கதவு திறந்துவிடாது. நார்வேஜியனில் கிளப் பால்கனி சூட் என்று ஓர் அறை வகை உண்டு. முன்பு மினி சூட் என்று அழைக்கப்பட்டது. அதை எடுத்தால் ஹேவனுக்குள் போக முடியாது. எம்எஸ்சியில் ஆரியா வகை சூட் எடுத்தவருக்கு யாட் கிளப் இல்லை. செலிப்ரிட்டியில் கான்சியர்ஜ் கிளாஸ் என்ற பெயர் காதுக்கு எவ்வளவு கம்பீரமாக ஒலித்தாலும் அது ரிட்ரீட்டில் சேராது. ராயல் கரீபியனின் ஜூனியர் சூட் கீழ்ப்படியான சீ வகுப்பில் இருப்பது. மேல் வகுப்பு சூட்களுக்கு உள்ள லவுஞ்ச் உரிமை அதற்குக் கிடையாது. "சூட் சலுகையைக் குறைத்துவிட்டார்கள்" என்ற புகார்களைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அந்த அறைக்கு அந்தச் சலுகை ஆரம்பத்திலிருந்தே இல்லை என்று தெரியவரும் சந்தர்ப்பங்களும் உண்டு.

கப்பலுக்குக் கப்பலும் வேறுபடும். ராயல் கரீபியனில் சூட் பயணிகளுக்கான கோஸ்டல் கிச்சன் உணவகம் பெரிய, புதிய வகைக் கப்பல்களில்தான் இருக்கிறது. பழைய, சிறிய கப்பல்களில் அதற்கு இடமே ஒதுக்கவில்லை. ஒரே நிறுவனம், ஒரே அறைப் பெயர், ஆனால் கிடைப்பது வேறு.

படிகள் எப்படி ஏறுகின்றன

லாயல்டி திட்டத்துக்கு உதாரணமாக ராயல் கரீபியனின் கிரவுன் அண்ட் ஆங்கர் திட்டத்தைப் பார்க்கலாம், அதன் கணக்கு எளிது. கப்பலில் ஓர் இரவு தங்கினால் ஒரு புள்ளி. சூட் அறையில் தங்கினால் இரண்டு. 3 புள்ளியில் கோல்டு, 30-இல் பிளாட்டினம், 55-இல் எமரால்டு, 80-இல் டைமண்ட், 175-இல் டைமண்ட் பிளஸ், 700-இல் பினாக்கிள்.

சாதாரண அறையில் 7 இரவுப் பயணங்களாகப் போகிறவர் டைமண்டைத் தொட 12 பயணம் ஆகும். அதையே சூட் அறையில் போனால் 6 போதும். பினாக்கிளுக்குச் சாதாரண அறையில் 100 பயணம். இதைப் படிக்கும்போது பெருமூச்சு வரலாம், ஆனால் உண்மையாகவே அந்த உச்சியைத் தொட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் வருடத்தின் பெரும்பகுதியைக் கப்பலிலேயே கழிப்பவர்கள் உண்டு.

மற்ற நிறுவனங்களின் அளவுகோல் சற்று வேறு. செலிப்ரிட்டியின் கேப்டன்ஸ் கிளப்பில் அறை வகை உயர உயர ஓர் இரவுக்கான புள்ளியும் உயரும். 3,000 புள்ளியில் ஜெனித் என்ற உச்சப் படி. பிரின்சஸ் நிறுவனம் பயணங்களின் எண்ணிக்கையையும் கடலில் கழித்த நாட்களையும் சேர்த்தே பார்க்கிறது, எது முதலில் நிறைவேறுகிறதோ அதன்படி படி உயரும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். புள்ளி என்றதும் விமான நிறுவனங்களின் மைல் கணக்கு நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் பணம் மாதிரி. சேர்த்து வைத்து, கொடுத்து, டிக்கெட் வாங்கலாம். கப்பல் புள்ளி காலங்காலமாக அப்படி இருந்ததில்லை. பெரும்பாலான திட்டங்களில் அது செலவழிக்க முடியாத ஓர் எண். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை அளப்பதற்கு மட்டும்தான் பயன்படும். அதனால் 'என் புள்ளிகளைப் பறித்துவிட்டார்கள்' என்பது பொதுவாகச் சரியான புகாரல்ல. புள்ளி அப்படியேதான் இருக்கும். அந்தப் படிக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் மாறும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சூட் சலுகை அறையோடு வந்து, பயணம் முடிந்ததும் அறையோடு போய்விடும். லாயல்டி சலுகை ஆளோடு வந்து, ஆளோடு தங்கும். முன்னது விற்பனைப் பொருள், பின்னது உபசாரம். இரண்டுக்கும் இடையே ஒரே பாலம் இருக்கிறது. சூட் எடுப்பவர் படிகளை வேகமாக ஏறுகிறார்.

மாலை ஆறு மணிக்கு லவுஞ்ச் வாசலில்

இப்போது பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். சலுகைகள் மாறுவதற்கு நிறுவனத்தின் பேராசைதான் காரணம் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். லாப நோக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் முன்னால் நிற்பது எளிய இடக் கணக்கு.

ஒரு கற்பனைக் கப்பல். லவுஞ்சில் 100 நாற்காலி. திட்டம் ஆரம்பித்த புதிதில் ஒரு பயணத்தில் டைமண்ட் படிக்காரர்கள் 60 பேர் வருகிறார்கள். சூட் பயணிகள் 80 பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால் தாராளமாக இடம் இருக்கிறது. நிறுவனமும் மகிழ்ச்சியாக இரு தரப்புக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

பதினைந்து வருடம் கழித்து அதே வாசலில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். இரவு உணவுக்கு முந்தைய பானத்துக்காக எல்லோரும் வருகிற நேரம் அது. உள்ளே நாற்காலிகள் நிரம்பி, கையில் கோப்பையோடு சுவர் ஓரம் நிற்கிறார்கள். சிலர் ஐந்தரைக்கே வந்து கைப்பையை வைத்து நண்பர்களுக்கு இடம் பிடித்திருக்கிறார்கள். பானம் ஊற்றும் இரண்டு ஊழியர்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. வாசலில் அட்டையைச் சரிபார்க்கும் இளைஞர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, வாழ்நாளில் ஒருமுறை என்று சேமித்துப் பெரிய சூட் எடுத்த ஒரு தம்பதி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், இடமில்லாமல் திரும்பிப் போகிறார்கள். அவர்களிடம் இந்த லவுஞ்ச் விற்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கோ அது வாக்களிக்கப்பட்டிருக்கிறது. யார் பக்கமும் தப்பில்லை.

இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? சூட் அறைகளின் எண்ணிக்கை கப்பல் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது, அது பிறகு அதிகரிக்காது. லாயல்டி படிக்காரர்களுக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது. பெரும்பாலான திட்டங்களில் ஒருமுறை ஏறிய படியிலிருந்து யாரும் இறங்குவதில்லை. வருடா வருடம் புதியவர்கள் மேலே வந்து சேர்கிறார்கள், போகிறவர்கள் மிகக் குறைவு. கிரவுன் அண்ட் ஆங்கரில் ஒரே முகவரியில் வாழும் தம்பதியில் ஒருவர் உயர்ந்த படியில் இருந்தால் மற்றவருக்கும் அதே படி கிடைக்கும். ஒருவர் சம்பாதித்தால் நாற்காலி இரண்டு தேவை. இப்படி ஒரு பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும் கணக்கு என்றாவது ஒருநாள் இடிக்கத்தான் செய்யும்.

பயணத்தின் தன்மையும் சேர்ந்துகொள்ளும். பள்ளி விடுமுறையில் போகும் 3 இரவுப் பயணத்தில் முதல்முறை வருபவர்களே அதிகம். பருவம் மாறும்போது கப்பல் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம்பெயரும் நீண்ட பயணங்களில் மேல்படிக்காரர்கள் குவிந்துவிடுவார்கள். அவர்களுக்கு நேரமும் உண்டு, கடலில் பல நாள் இருப்பதில் ஆசையும் உண்டு. அப்படிப்பட்ட பயணத்தில் முன்னுரிமை வரிசை பொது வரிசையைவிட நீளமாக இருப்பதுகூட நடக்கும்.

நிறுவனம் எந்தெந்த வழியில் கை வைக்கிறது

கணக்கு இடித்ததும் நிறுவனத்துக்கு முன் சில வழிகள்தான் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் அடுத்த அறிவிப்பு எந்த ரகம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரு வழி, இடத்தோடு கட்டிய சலுகையை இடத்திலிருந்து அவிழ்ப்பது. ராயல் கரீபியன் இதைச் செய்தது. டைமண்ட் படிக்காரர்களின் மாலை நேர இலவச பானம் ஒரு காலத்தில் லவுஞ்சோடு ஒட்டியே இருந்தது. பிறகு அது தினசரி வவுச்சராக மாறி, பயணியின் அட்டையிலேயே ஏற்றப்பட்டது. டைமண்டுக்கு நாளுக்கு 4, டைமண்ட் பிளஸுக்கு 5, பினாக்கிளுக்கு 6. ஆரம்பத்தில் மாலையில் சில மணி நேரம் மட்டும் செல்லும் என்றிருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது நாள் முழுக்கச் செல்லும் என்று தளர்த்தினார்கள். மதியம் நீச்சல் குளத்தருகே ஒன்று, இரவு நிகழ்ச்சிக்கு முன் ஒன்று என்று குடிக்கலாம். லவுஞ்சில் பழைய நண்பர்களோடு கூடிப் பேசும் சுகம் குறைந்தது என்று வருந்தியவர்களும் உண்டு. என் பார்வையில் இது நல்ல மாற்றம். பெரும்பாலோருக்குக் கையில் கிடைப்பது கூடியது, நெரிசல் குறைந்தது.

இன்னொரு வழி, உச்சிக்கு மேல் புதிய உச்சி கட்டுவது. டிஸ்னி நிறுவனத்தின் காஸ்ட்அவே கிளப்பில் நெடுங்காலம் பிளாட்டினம்தான் மேல்படி. 2023-இல் 25 பயணம் முடித்தவர்களுக்கு பேர்ல் என்ற புதிய படியைச் சேர்த்தார்கள். கீழே இருப்பவர்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. ஆனால் முதல் வரிசை இனி அவர்களுடையது அல்ல.

மூன்றாவது வழிதான் அதிகக் கோபத்தைக் கிளப்புவது: அளவுகோலையே மாற்றுவது. கார்னிவல் நிறுவனம் 2012 முதல் நடத்திய விஐஎஃப்பி கிளப்பில் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி, 75-இல் பிளாட்டினம், 200-இல் டைமண்ட் என்று இருந்தது. 2025 ஜூனில் அதற்குப் பதிலாகக் கார்னிவல் ரிவார்ட்ஸ் என்ற புதிய திட்டத்தை அறிவித்தது. இதில் நாட்களுக்குப் பதிலாகச் செலவழித்த பணம் எண்ணப்படும். படியும் நிரந்தரமல்ல, இரண்டு ஆண்டுக் காலத்தில் சேர்த்ததைக் கொண்டு முடிவாகும். மேல்படியில் ஏற்கெனவே இருந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசமும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது.

இதன் விளைவை இரண்டு பயணிகளை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் சன்னல் இல்லாத மலிவான உள்ளறையில் வருடத்துக்கு நான்கு முறை போகிறார், கூடுதலாக எதுவும் வாங்குவதில்லை. இன்னொருவர் வருடத்துக்கு ஒருமுறை சூட் எடுத்து, கரைச் சுற்றுலா, சிறப்பு உணவகம், மசாஜ் என்று செலவழிக்கிறார். நாள் கணக்கில் முதலாமவர் வெகுதூரம் முன்னே. பணக் கணக்கில் இரண்டாமவர் தாண்டிவிடுவார். நிறுவனம் யாரைத் தன் சிறந்த வாடிக்கையாளர் என்று இனிமேல் அழைக்கப்போகிறது என்பதே இங்கே மாறுகிறது. கோபம் அவ்வளவு ஆழமாக இருந்ததற்குக் காரணம் இலவச பானம் இல்லை. வாழ்நாளுக்கு என்று நம்பிய ஓர் அங்கீகாரத்துக்குக் காலாவதித் தேதி வந்துவிட்டது. அந்த வலியைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று என்னால் ஒதுக்க முடியாது. இரண்டு வருடக் கெடு என்பது உடம்பு முடியாமல் ஒரு வருடம் வீட்டில் இருக்க நேர்ந்தவரை மிக மோசமாகத் தண்டிக்கும்.

எதிர்த்திசையில் போகும் மாற்றமும் உண்டு. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ மூன்றும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. 2024-இல் ஒன்றில் இருக்கும் படிக்கு இணையான படியை மற்ற இரண்டிலும் தரத் தொடங்கினார்கள். அடுத்து, ஒரு பயணத்தில் கிடைக்கும் புள்ளியை மூன்றில் எந்தத் திட்டத்தில் சேர்ப்பது என்று பயணியே தேர்ந்தெடுக்கும் வசதியை 2026-இலிருந்து என்று அறிவித்தார்கள். பயணிக்கு இது லாபம். அதே சமயம் ஒவ்வொரு லவுஞ்சுக்கும் புதிய உறவினர்கள் வருகிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இன்றைய விரிவாக்கம் நாளைய நெரிசலுக்கு விதையாகலாம்.

ஆக, இடத்திலிருந்து அவிழ்ப்பது, மேலே ஒரு படி சேர்ப்பது, அளவுகோலை மாற்றுவது, குழுமம் முழுக்க விரிப்பது. நீங்கள் கேள்விப்படும் அறிவிப்பு பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவோ இரண்டின் கலவையாகவோ இருக்கும். நேரடியாக ஒரு சலுகையை எடுத்துவிடுவதும் நடக்கிறதுதான், ஆனால் நிறுவனங்கள் அதை வெளிப்படையாகச் செய்யத் தயங்கும்.

இப்படி மாற்ற அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?

லாயல்டி விஷயத்தில், ஆம். ஏறக்குறைய எல்லாத் திட்டங்களின் விதிமுறைகளிலும், சலுகைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற வாசகம் இருக்கும். படி ஏறியவர்களை உடனே பாதிக்காமல் பழைய நிலையிலேயே விட்டுவைக்கும் ஏற்பாட்டைப் பழைய உறுப்பினர் பாதுகாப்பு என்று சொல்லலாம். அது நல்ல பழக்கம், ஆனால் கட்டாயமில்லை.

சூட் விஷயம் கொஞ்சம் கனமானது. அங்கே பணம் கைமாறியிருக்கிறது. இருந்தாலும் பயணச் சீட்டு ஒப்பந்தங்கள் நிறுவனத்துக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கும். 'கிடைப்பதைப் பொறுத்து', 'குறிப்பிட்ட கப்பல்களில் மட்டும்' என்ற இரண்டு சொற்றொடர்கள் நிறைய வேலை செய்யும். ஒரு லவுஞ்ச் பராமரிப்புக்காக மூடப்பட்டால் கட்டணத்தில் பாதி திரும்ப வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் சூட் வாங்கியவரின் குரலுக்கு நிறுவனம் காது கொடுக்கும். அந்த அறைகள்தான் அதிக வருமானம் தரும் அறைகளில் சேர்ந்தவை. லவுஞ்ச் நெரிசலில் யாரையாவது வெளியே அனுப்பியாக வேண்டும் என்ற நிலை வந்தால் உபசாரத்துக்கு வந்தவரைத்தான் முதலில் அனுப்புவார்கள், காசு கொடுத்தவரை அல்ல. இது இனிக்கும் செய்தி இல்லை, ஆனால் எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்வது நல்லது.

முன்பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு மாற்ற அறிவிப்பு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு புறப்படும் பயணங்களுக்கா, அந்தத் தேதிக்குப் பிறகு செய்யும் முன்பதிவுகளுக்கா? இரண்டும் ஒன்றல்ல. பின்னது என்றால் ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் தப்பித்தார்கள். முன்னது என்றால் போன வருடமே பதிவு செய்திருந்தாலும் புது விதிதான்.

அப்புறம், சலுகை அறையைச் சேர்ந்ததா, ஆளைச் சேர்ந்ததா என்று பாருங்கள். அறையைச் சேர்ந்தது என்றால் உங்கள் கப்பலின் பெயரையும் அறை வகையையும் சொல்லிக் கேட்க வேண்டும். "சூட்டுக்கு லவுஞ்ச் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். முகவர் மூலம் வாங்குகிறீர்கள் என்றால் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூடவே அன்றைய சலுகைப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

லாயல்டி படிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுத்துப் பயணம் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நாளைய படிக்கு இன்று கொடுக்கும் விலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சூட்டுக்கான கூடுதல் தொகையை எடைபோடும்போதும் இரட்டைப் புள்ளியைக் கணக்கில் சேர்க்காமல், அந்த ஒரு பயணத்திலேயே அது தரும் சாப்பாடும் அமைதியும் இடமும் அந்த விலைக்குப் போதுமா என்று பாருங்கள்.

கடைசியாக, முழுத் தொகை கட்ட வேண்டிய கெடு. பெரும்பாலான நிறுவனங்களில் இது புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வரும். அதற்குள் ரத்து செய்தால் பெரும்பாலும் பெரிய இழப்பு இல்லை, முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகைக் கட்டணமாக இருந்தால் மட்டும். கெடு தாண்டிவிட்டால் ரத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே நீங்கள் பதிவு செய்த பயணத்தின் சூட் சலுகை மாறியதாகக் கேள்விப்பட்டால், அந்தக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே நிறுவனத்தை அழைத்து, உங்கள் பதிவு எண்ணைச் சொல்லி, இந்த அறைக்கு இன்றைய தேதியில் என்னென்ன உண்டு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.